பதின்ம வயதினர்க்கான குறுநாவல் தேர்வு: மெய்ப்பாட்டு நோக்கில் ஒரு மதிப்பீடு

1. முன்னுரை

சிலாங்கூர் மாநிலத்தின் கோல லங்காட் மாவட்டத்தில், கிள்ளானுக்கும் பந்திங்கிற்கும் இடையே அமைந்த ஊர் தெலுக் பங்லிமா காராங். ஊரின் ஒரு பக்கம் தொழிற்பேட்டை. மறுபக்கம் லங்காட் ஆறும், அதனைக் கடந்தால் செம்பனை சூழ்ந்த கேரித் தீவும் உள்ளன. இவ்வூரில் தன்னார்வ ஆசிரியர் சிலர் சனிக்கிழமைகளில் நடத்தும் தமிழ் இலக்கிய வகுப்பொன்றிற்கு அண்மையில் இக்கட்டுரையாளர் சென்றிருந்தார். நான்காம் படிவ மாணவர் பதினொருவர் அமர்ந்திருந்தனர். பாடநூலுக்கு வெளியே இறுதியாகப் படித்த தமிழ்க் கதைநூல் எதுவென்று வினவியபோது, தொடக்கப்பள்ளிக்குப் பின் ஒன்றும் இல்லை என்பதே பெரும்பாலோரின் விடையாக இருந்தது. அவர்கள் படிக்காதவர்கள் அல்லர். மலாய்மொழிப் பாடத்திலும் ஆங்கிலப் பாடத்திலும் தாம் படித்த நாவல்களின் கதையைத் தடையின்றிச் சொன்னார்கள். ஒரு மாணவர் 'அசுரன்' திரைப்படத்தை மூன்றுமுறை பார்த்திருந்தார். அது ஒரு நாவலிலிருந்து பிறந்தது என்பது அவருக்குப் புதிய செய்தி.

இம்மாணவர்க்கு எந்தக் குறுநாவலைக் கொடுப்பது என்னும் எளிய வினாவை முன்வைத்து எழுதப்படுவதே இக்கட்டுரை. வினா எளிதாயினும் விடை எளிதன்று. நல்ல நூல் எது என்பது குறித்து நம்மிடையே நெடிய விவாதங்கள் நடந்துள்ளன. பதினைந்து வயது வாசகர் விரும்பிப் படிக்கும் நல்ல நூல் எது என்பது குறித்து மிகக் குறைவாகவே பேசியுள்ளோம். 'விரும்பி' என்னும் அச்சொல்லே இக்கட்டுரையின் மையமாகும்.

2. வாசிப்பு அறுபடும் இடம்

மலேசியாவில் தமிழைப் பயிற்றுமொழியாகக் கொண்ட தொடக்கப்பள்ளிகள் ஐந்நூற்றுக்கும் மேல் உள. ஆனால் தமிழைப் பயிற்றுமொழியாகக் கொண்ட இடைநிலைப்பள்ளி ஒன்றும் இல்லை. பன்னிரண்டு வயது வரை கணக்கையும் அறிவியலையும் தமிழிலேயே கற்ற பிள்ளை, படிவ வகுப்பிற்குச் சென்றதும் வாரத்திற்குச் சில பாடவேளைகளில் மட்டும் தமிழைச் சந்திக்கிறது. அப்பாடவேளைகளும் எல்லாப் பள்ளிகளிலும் உறுதியாகக் கிடைப்பதில்லை என்பதை ஆசிரியர்கள் அறிவர். தமிழ் இலக்கியத்தைத் தேர்வுப் பாடமாக எடுப்போர் பள்ளி நேரத்திற்கு வெளியே, தன்னார்வலர் துணையோடு பயிலும் நிலையே பல இடங்களில் காணப்படுகிறது.

இங்கு ஒரு முரணைச் சுட்டுதல் வேண்டும். 2000ஆம் ஆண்டு ஆங்கிலப் பாடத்தில் இலக்கியப் பகுதி சேர்க்கப்பட்டபோது, ஐந்தாம் படிவ நாவல்களுள் ஒன்றாக கே. எஸ். மணியத்தின் 'தி ரிடர்ன்' இடம்பெற்றது. 1981இல் வெளிவந்த அந்நாவல், கெடாவில் வளரும் ரவி என்னும் தமிழ்ச் சிறுவன் ஆங்கிலக் கல்வியினூடாகத் தன் வீட்டிலிருந்தும் மொழியிலிருந்தும் மெல்ல விலகுவதைச் சொல்வது. நம் மாணவர் பலர், மலேசியத் தமிழ்ச் சிறுவன் ஒருவனைக் கதைத்தலைவனாகக் கொண்ட நாவலை முதன்முதலில் ஆங்கிலத்திலேயே படித்தனர். இது மணியத்திற்குப் பெருமை. தமிழாசிரியர்க்கும் திறனாய்வாளர்க்கும் எச்சரிக்கை. தன்னைப் பற்றிய கதை தன் மொழியில் இல்லை என்று ஒரு பிள்ளை எண்ணிவிட்டால், அம்மொழி அதற்குத் தாத்தா பாட்டியோடும் கோயிலோடும் நின்றுவிடும்.

ஆகவே, பதின்மூன்று முதல் பதினேழு வரையிலான ஐந்து ஆண்டுகளே மலேசியத் தமிழ் நாவலின் வருங்கால வாசகர் உருவாகும் அல்லது உருவாகாமற் போகும் காலம் எனலாம். அக்காலத்தில் நாம் கொடுக்கும் இரண்டு மூன்று நூல்களின் பொறுப்பு மிகப் பெரிது.

3. அளவுகோல்

பள்ளிக்கும் நூலகத்திற்கும் நூல் தெரிவு செய்கையில் நாம் வழக்கமாகக் கேட்கும் வினாக்கள் மூன்று: இந்நூல் என்ன நன்னெறியைப் புகட்டுகிறது? மொழி தூய்மையாக உள்ளதா? பெற்றோர் குறை சொல்லத்தக்கது ஏதேனும் உண்டா? இம்மூன்றும் தேவையற்றவை அல்ல. ஆயினும் மூன்றுமே நூலைக் கொடுப்பவரின் வினாக்கள். பெறுபவரின் வினா ஒன்றும் இவற்றில் இல்லை. அடுத்த பக்கத்தில் என்ன நடக்கும் என்பதே பெறுபவரின் வினா.

சுவையை அளவுகோலாக்கினால் தரம் தாழ்ந்துவிடும் என்பது பொதுவான அச்சம். தமிழ் மரபு அவ்வாறு கருதவில்லை. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியல் என ஓர் இயலையே அமைத்து, எட்டுச் சுவைகளையும் அவை ஒவ்வொன்றும் பிறக்கும் நிலைக்களன்களையும் வகுத்துள்ளார். செய்யுளுக்குரிய அவ்விலக்கணத்தை உரைநடைக் கதைக்கு அப்படியே பொருத்துதல் இயலாது. எனினும், நம் தேர்வில் எவை விடுபட்டுள்ளன என்பதை அறிய அஃது ஒரு நல்ல கண்ணாடி.

அக்கண்ணாடியில் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். இளையோர்க்கென நாம் தேரும் கதைகளுள் மிகப் பெரும்பாலானவை அழுகையையும் பெருமிதத்தையும் சார்ந்தவை. தோட்டத்து வறுமை, தாயின் தியாகம், படித்து முன்னேறிய பிள்ளை, இனத்தின் பெருமை என்னும் வட்டத்திற்குள்ளேயே அவை சுழல்கின்றன. தொல்காப்பியர் முதலில் வைத்து எண்ணிய நகை ஏறத்தாழ இல்லை. மருட்கையும் அச்சமும் 'சிறுபிள்ளைத்தனம்' என்று ஒதுக்கப்படுகின்றன. வெகுளி ஆபத்தானது என்று அஞ்சப்படுகிறது. பதின்ம வயது என்பதோ சிரிப்பும் வியப்பும் அச்சமும் சினமும் ஒருசேரக் கொப்பளிக்கும் பருவம். மாணவர் நம் நூல்களை விட்டு விலகியதற்கு அவர்களின் சோம்பல் மட்டுமே காரணம் என்று கூறுவது பொருந்தாது.

இதனுடன் வடிவம் பற்றிய அளவுகோல் ஒன்றையும் சேர்த்தல் தகும். குறுநாவல் என்பது சுருக்கப்பட்ட நாவல் அன்று. ஒரு நிகழ்ச்சி, ஒரு சிக்கல், சில மாந்தர் என்று தன் எல்லையைத் தானே வகுத்துக்கொண்டது அது. சில மாலைப்பொழுதுகளில் படித்து முடிக்கக்கூடியதாக இருத்தல் தமிழில் வாசிப்பு வேகம் குறைந்த மாணவர்க்கு இன்றியமையாதது. முழு நூலொன்றைத் தமிழில் முடித்தேன் என்னும் நிறைவே அடுத்த நூலை எடுக்கச் செய்யும். 'பொன்னியின் செல்வ'னைச் சுருக்கிக் கொடுப்பதைவிட, முழுமையான சிறிய படைப்பைக் கொடுப்பது நன்று என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு.

4. சில படைப்புகள்

4.1 நகை

நகை தோன்றும் களன்கள் நான்கனுள் இளமையையும் ஒன்றாகத் தொல்காப்பியர் வைத்தது சிந்திக்கத்தக்கது. இலங்கை எழுத்தாளர் செங்கை ஆழியானின் 'ஆச்சி பயணம் போகிறாள்' இவ்வகையில் முதற்கண் கருதத்தக்க படைப்பு. யாழ்ப்பாணக் கிராமத்தைவிட்டு அதிகம் வெளியே செல்லாத கிழவி ஒருத்தி தென்னிலங்கை நோக்கிப் பயணம் போவதே கதை. நாம் ஆச்சியைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்குகிறோம்; போகப்போக ஆச்சியின் கண்வழி உலகத்தைப் பார்த்துச் சிரிக்கிறோம். எள்ளல் அன்பாக மாறும் இவ்விடமே நூலின் வெற்றி. யாழ்ப்பாணப் பேச்சு வழக்கு முதற்பக்கங்களில் தடையாக அமையலாம். ஆசிரியர் முதல் இயலை உரக்கப் படித்துக் காட்டினால் அத்தடை நீங்கும். பேச்சுத்தமிழ் ஊருக்கு ஊர் வேறுபடும் என்னும் மொழியியல் உண்மையும் சிரிப்பினூடே விளங்கும். நம் வீட்டுப் பாட்டிமாரின் பேச்சும் எழுத்தாகத் தக்கதே என்னும் எண்ணம் மாணவர்க்குத் தோன்றுமாயின், அது கூடுதல் பயன்.

4.2 அச்சமும் மருட்கையும்

அணங்கும் விலங்கும் கள்வரும் அச்சத்தின் களன்களாகச் சொல்லப்பட்டவை. மர்மக் கதையின் முதற்பொருள் இவையே அன்றோ? 1972இல் முத்து காமிக்ஸ் இரும்புக்கை மாயாவியைக் கொண்டுவந்த காலம் முதல், ஒரு தலைமுறையைத் தமிழ் படிக்கவைத்தவை பாடநூல்கள் மட்டும் அல்ல. தமிழ்வாணனின் சங்கர்லாலும் வாண்டுமாமாவின் சாகசக் கதைகளும் செய்த பணி இலக்கிய வரலாறுகளில் ஓரிரு வரிகளோடு நின்றுவிடுகிறது.

மலேசியச் சூழலில் இவ்விடைவெளியை உணர்ந்து எழுதியவர் கே. பாலமுருகன். ஆசிரியராகவும் எழுத்தாளராகவும் அறியப்படும் இவர், தீவிரச் சிறுகதைகள் எழுதிய கையாலேயே 'மர்மக் குகையும் ஓநாய் மனிதர்களும்' போன்ற சிறுவர் மர்ம நாவலையும் எழுதினார். தலைப்பே வாசகனை அழைக்கிறது. கருத்தைக் கூறி அச்சுறுத்துவதில்லை. முதல், இரண்டாம் படிவ மாணவர்க்குத் தொடக்கப்பள்ளி வாசிப்பிலிருந்து படிவ வாசிப்பிற்குக் கடக்கும் பாலமாக இத்தகைய நூல்கள் பயன்படும். நான்காம் படிவத்தினர்க்கு இவை சற்று இளையவையாகத் தோன்றக்கூடும். தேர்வில் வயது வேறுபாட்டைக் கருதாமல் 'மாணவர்' என்று ஒரே சொல்லில் அடக்குவது நம் பொதுவான குறை.

அவ்வயதினர்க்கு மருட்கைச் சுவைக்கு உரியது சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'. 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்த இந்நாவல் 2020களின் தொடக்கத்தை எதிர்காலமாகக் கற்பனை செய்தது. மக்களின் பெயர் முதல் பிள்ளைப்பேறு வரை அனைத்தையும் கட்டுப்படுத்தும் அரசு, காணாமற்போன கணவனைத் தேடும் நிலா, நூல்களைப் படித்து மனிதரினும் நுட்பமாகச் சிந்திக்கும் ஜீனோ என்னும் இயந்திர நாய் என அமைந்த கதை இது. அவர் கற்பனை செய்த ஆண்டு இன்று கடந்துவிட்டது. அவர் சொன்னவற்றுள் எவை நிகழ்ந்தன, எவை நிகழவில்லை என்று மாணவர் எண்ணிப் பார்ப்பதே ஒரு முழு வகுப்பிற்குரிய விவாதமாகும். குறுநாவலின் அளவை இது மீறினும், தொடர்கதையாக எழுதப்பட்டமையால் ஒவ்வோர் இயலும் அடுத்ததற்கு இழுத்துச் செல்லும் தன்மை உடையது.

4.3 வெகுளி

பூமணியின் 'வெக்கை' 1982இல் வெளிவந்தது. பதினைந்து வயதுச் சிதம்பரம், தன் அண்ணனைக் கொல்வித்த நிலவுடைமையாளனை வெட்டும் நிகழ்ச்சியோடு கதை தொடங்குகிறது. பின்னர் தந்தையும் மகனும் கரிசல் காட்டிலும் மலையிலும் ஒளிந்து திரியும் சில நாள்களே நாவல். 2019இல் வெளிவந்த 'அசுரன்' இதனைத் தழுவியது. ஆனால் திரைப்படம் தந்தையை நாயகனாக்கியது. நாவலோ மகனின் மனத்தையே பின்தொடர்கிறது. திரைப்படத்தில் சண்டை முதன்மை பெறும் இடத்தில், நாவலில் பசியாற்றுவதும் படுக்க இடம் தேடுவதும் முதன்மை பெறுகின்றன. கொலைக்குப் பிந்தைய நாள்கள் எவ்வாறு கழியும் என்பதை இத்துணை அமைதியாகச் சொன்ன தமிழ் நாவல் அரிது.

பள்ளி மாணவர்க்கு வன்முறைக் கதையா என்று கேட்கப்படலாம். இந்நாவல் வன்முறையைக் கொண்டாடவில்லை. அதன் விலையைக் கணக்கிடுகிறது. குடியின் நிலமும் உயிரும் பறிக்கப்படும்போது பிறக்கும் வெகுளியை ஒரு சிறுவன் எவ்வாறு சுமக்கிறான் என்பதே அதன் பொருள். வெகுளியின் களன்களாகக் குடிகோளையும் கொலையையும் தொல்காப்பியர் சுட்டியது இங்கு நினைவுகூரத்தக்கது. திரையில் அதே கதையை ஏற்கெனவே பார்த்துவிட்ட மாணவனிடம் நூலை மறைப்பதில் பொருள் இல்லை. ஐந்தாம் படிவத்தினர்க்கு, ஆசிரியர் துணையோடு படிக்கத்தக்க நூலாக இதனைப் பரிந்துரைக்கலாம். கரிசல் வட்டாரச் சொற்களுக்குச் சிறு சொற்பட்டியல் ஒன்று உடன் தேவைப்படும்.

4.4 அழுகை

அழுகைச் சுவையை முற்றிலும் தள்ள வேண்டும் என்பது இங்குக் கூறப்படும் கருத்தன்று. கண்ணீரைக் கேட்டுப் பெறும் கதைக்கும், வாசகனுக்கு வினா ஒன்றை விட்டுச் செல்லும் கதைக்கும் உள்ள வேறுபாடே முக்கியம். ஜெயகாந்தனின் 'யாருக்காக அழுதான்?' தலைப்பிலேயே வினாவைத் தாங்கியது. விடுதியொன்றில் வேலைசெய்யும் ஜோசப் என்னும் எளியவன்மீது திருட்டுப் பழி விழுகிறது. குற்றம் செய்தவர் யார் என்பது வாசகனுக்குத் தெரியும். ஜோசப் ஏன் வாய் திறக்கவில்லை என்பதே தெரியாது. மாணவர் ஒவ்வொருவரும் வெவ்வேறு விடை சொல்லக்கூடிய கதை இது; தேர்வுக் குறிப்பேடுகள் தரும் ஒற்றை விடைக்கு இது கட்டுப்படாது.

இரா. நடராசனின் 'ஆயிஷா' கணையாழியின் குறுநாவல் போட்டியில் பரிசு பெற்றது. வினாக்கள் கேட்பதற்காகவே அடி வாங்கும் பள்ளி மாணவி ஒருத்தியின் கதையை, அவளை ஓரளவேனும் புரிந்துகொண்ட ஆசிரியை ஓர் அறிவியல் நூலின் முன்னுரையாகச் சொல்வதுபோல் அமைந்தது. மிகச் சிறிய நூல். ஒரே அமர்வில் முடியும். ஆசிரியர்களே முதலில் படிக்க வேண்டிய நூலுமாகும். அடியின் வலி தெரியாதிருக்கத் தன் உடலிலேயே வேதிப்பொருளைச் சோதித்து அவள் இறக்கும் முடிவு, இளம் வாசகரைக் கடுமையாகப் பாதிக்கும். ஆகவே வீட்டில் தனியே படிக்கக் கொடுத்துவிட்டு மறந்துவிடாமல், வகுப்பில் படித்துப் பேசித் தீர்க்கவேண்டிய படைப்பு இது. அதன் பாதிப்பே அதனை விலக்குவதற்குக் காரணமாகிவிடக் கூடாது.

5. ஆற்றங்கரையும் நாவலும்

மீண்டும் தெலுக் பங்லிமா காராங்கிற்கு வருவோம். அவ்வகுப்பில் அ. ரெங்கசாமியின் 'லங்காட் நதிக்கரை'யை எடுத்துக் காட்டியபோது, அட்டையைப் பார்த்த மாணவி ஒருவர், “ஐயா, இது நம்ம ஆறா?” என்று கேட்டார். இக்கட்டுரைக்கு வித்திட்டது அவ்வினாவே.

ஜப்பானியர் ஆட்சிக்கால இறுதியையும் அதனைத் தொடர்ந்த கம்யூனிஸ்டுகளின் எழுச்சிக் காலத்தையும் லங்காட் கரையோர மக்களின் வாழ்வில் வைத்துச் சொல்லும் நாவல் இது. 1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்ததற்கும் செப்டம்பரில் பிரிட்டிஷார் மீண்டும் வந்ததற்கும் இடைப்பட்ட நாள்கள், 1948இல் தொடங்கிய அவசரகாலம் ஆகியவை வரலாற்றுப் பாடநூலில் ஓரிரு பத்திகளாக முடிபவை. அங்குத் தேதிகளாக இருப்பவை இங்கு அச்சமாகவும் அண்டை வீட்டாரின் மரணமாகவும் ஆகின்றன. தம் வீட்டிலிருந்து நடந்து செல்லும் தொலைவில் இருக்கும் ஆற்றங்கரையில் இவை நிகழ்ந்தன என்பது எந்த அறிவுரையும் தரமுடியாத மருட்கையைத் தரும். சயாம் மரண இரயில்பாதையைப் பொருளாகக் கொண்ட அவருடைய 'நினைவுச் சின்ன'மும், ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயி'லும் இவ்வாறே நம் குடும்பங்களின் நினைவோடு இணைந்தவை.

எனினும் திறனாய்வாளர் நேர்மையாகச் சொல்லவேண்டிய ஒன்று உண்டு. ரெங்கசாமியின் நடை ஆவணத்தன்மை மிக்கது. அவருடைய நாவல்கள் குறுநாவல்களும் அல்ல. பதினாறு வயது வாசகர் எல்லாரும் முதற்பக்கம் தொடங்கி இறுதிவரை தாமாகவே படிப்பர் என எதிர்பார்க்க இயலாது. சில இயல்களைத் தெரிந்து வகுப்பில் படித்தல், ஆற்றங்கரைக்கே அழைத்துச் சென்று படித்தல், வீட்டு முதியோரிடம் அக்காலத்தைப் பற்றிக் கேட்டு எழுதச் செய்தல் ஆகியவை பயன்தரும். குறுநாவல் வாசிப்பில் பழகிய மாணவர்க்கு இந்நாவல் அடுத்த படி. வரிசை மாறினால் இரண்டும் கெடும்.

இங்கு மலேசியத் தமிழ்ப் படைப்புலகின் குறையொன்று வெளிப்படுகிறது. 1917இல் க. வெங்கடரத்தினத்தின் 'கருணாசாகரன் அல்லது காதலின் மாட்சி' வெளிவந்தது முதல் நூற்றாண்டைக் கடந்த நாவல் மரபு நமக்கு உண்டு. ஆனால் பதின்ம வயதினரைக் கதைமாந்தராகவும் வாசகராகவும் ஒருங்கே கொண்ட குறுநாவல்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவையே. தமிழ்நாட்டில் இத்துறை அண்மைக் காலத்தில் வலுப்பெற்றுள்ளது. சிறார்மீதான பாலியல் அத்துமீறலைப் பொறுப்போடு பேசும் யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' 2020இலும், கீழடியைக் களமாகக் கொண்ட உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை' 2023இலும் பால சாகித்திய புரஸ்கார் பெற்றன. அமெரிக்காவில் எஸ். இ. ஹிண்டன் என்னும் பெண் 1967இல் 'தி அவுட்சைடர்ஸ்' நாவலை வெளியிட்டபோது அவருக்கு வயது பதினெட்டு. மலாயாப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவையின் சிறுகதைப் போட்டியும் 'பேரவைக் கதைகள்' தொகுப்புகளும் இளம் சிறுகதையாளர்க்குப் பல்லாண்டுகளாகக் களம் அமைத்துள்ளன. அதுபோன்ற களம் இளையோர் குறுநாவலுக்கும் அமையவேண்டும்.

6. எழக்கூடிய தடைகள்

தேர்வுக்கு உதவாத நூலை மாணவர் படிப்பரா என்பது ஆசிரியர் எழுப்பும் முதல் வினா. தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வாகிய யு.பி.எஸ்.ஆர். 2021இலும் மூன்றாம் படிவத் தேர்வாகிய பி.டி.3 2022இலும் நீக்கப்பட்டன. ஆகவே முதல் மூன்று படிவங்கள் பொதுத்தேர்வின் நெருக்கடி இல்லாத ஆண்டுகள். இவ்விடைவெளியைப் பயிற்சித் தாள்களால் நிரப்பாமல் வாசிப்பால் நிரப்பும் வாய்ப்பு இன்று நம் கையில் உள்ளது.

இரண்டாவது, மொழித்தூய்மை பற்றியது. பேச்சு வழக்கும் வட்டாரச் சொல்லும் கலந்த நூலைப் படித்தால் மாணவரின் கட்டுரை நடை கெடும் என்பர். உரையாடலில் பேச்சு வழக்கும் கூற்றில் எழுத்து வழக்கும் வரும் கதையைப் படிப்பவரே இரண்டிற்குமுள்ள எல்லையைத் தெளிவாக உணர்வர். ஒன்றை மட்டுமே கண்டவர்க்கு எல்லை எது என்பது தெரியாது.

மூன்றாவது, நூல் கிடைத்தல். மலேசிய நாவல்கள் பல ஆசிரியர்களின் சொந்த முயற்சியால் அச்சாகி, மறுபதிப்பின்றி மறைபவை. பிரிக்பீல்ட்சிலும் கிள்ளானிலும் உள்ள கடைகளில் சென்னை நூல்கள் கிடைப்பினும், ஒரே நூலின் முப்பது படிகள் ஒருசேரக் கிடைப்பது அரிது. ஒரு வட்டாரத்துப் பள்ளிகள் சில சேர்ந்து, பள்ளிக்கொரு நூலாக முப்பது படிகள் வாங்கி, பருவந்தோறும் தமக்குள் மாற்றிக்கொண்டால் குறைந்த செலவில் மூன்றாண்டுக்குரிய வாசிப்பு அமையும்.

7. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் சில கருத்துகள் பெறப்படுகின்றன. பதின்ம வயதினர்க்கான நூல் தேர்வு நன்னெறியை மட்டும் நோக்காமல் சுவையையும் நோக்கவேண்டும்; அச்சுவையும் அழுகை, பெருமிதம் என்னும் இரண்டில் அடங்கிவிடாமல் விரியவேண்டும். அளவில் சிறிய, தன்னளவில் முழுமையான படைப்பே முதலில் தரத்தக்கது. வயதிற்கேற்ற வரிசை தேவை. முடிவில் வினாவை விட்டுச் செல்லும் கதை விடையைச் சொல்லிமுடிக்கும் கதையினும் நெடிது நிற்கும். இங்குச் சுட்டிய நூல்களே இறுதிப் பட்டியல் அல்ல. ஒவ்வோர் ஆசிரியரும் தாம் பதினைந்து வயதில் இரவு விளக்கணைக்காமல் படித்த நூல் எது என்று நினைவுகூர்ந்தால் பட்டியல் நீளும்.

அச்சனிக்கிழமை வகுப்பு முடிந்தபின், 'அசுரன்' பார்த்த மாணவர் 'வெக்கை'யை இரவல் கேட்டார். அடுத்த வாரம் திருப்பித் தருவதாகவும் சொன்னார். அடுத்த வாரம் நூல் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. வினவியபோது, அவருடைய தந்தை அதனைப் படித்துக்கொண்டிருப்பதாக அறியநேர்ந்தது.